கடல் இல்லாத ஊரின் எண்ணெய்

(சிஞ்ச்வட்டில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நம் சகோதரி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் குடியிருக்கும் சாலில் அடுத்த அறையில் அசாம் மாநிலத்துப் பையன்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். சாக்கன் பக்கத்துக் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலி. "அண்ணே, அவங்க ஊர்ல பூமியைத் தோண்டினா எண்ணெய் வருதாமே! அப்புறம் எதுக்கு மூணு நாள் ரயில் ஏறி இங்கே வந்து பன்னிரண்டு மணி நேரம் மிஷின் முன்னாடி நிக்கிறானுங்க?" என்றார். "அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் தங்கச்சி" என்று தப்பித்துக்கொண்டேன். தப்பித்ததற்கு அபராதமாகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எண்ணெயைப் பற்றி விஞ்ஞானம் பேச வரவில்லை. ரயில்வே சரக்குக் கணக்கு எழுதுகிறவன். ஒரு பொருள் எங்கே ஏறியது, எந்த வழியாகப் போனது, எங்கே இறங்கியது, வாடகை யார் தலையில் விழுந்தது, இந்த நான்கும் தெரிந்தால் அதன் அரசியலில் பாதி தெரிந்துவிடும் என்பது என் அனுபவம். அந்தக் கண்ணோடுதான் அசாமைப் பார்க்கிறேன்.

அசாமில் டிக்பாய் என்று ஓர் ஊர். காட்டில் மரம் இழுத்த யானையின் காலில் எண்ணெய் ஒட்டியிருந்ததாம், அதைப் பார்த்த வெள்ளைக்காரன் "தோண்டு பையா" என்று ஆங்கிலத்தில் கத்தினானாம், அதுவே ஊர்ப்பெயர் ஆயிற்றாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. கதைக்கு வெளியே உள்ளது இது: 1889-ல் அங்கே கிணறு தோண்டத் தொடங்கினார்கள், 1901-ல் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. 1939-ல் அங்கே தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். பிறகு உலக யுத்தம் வந்தது. யுத்தத்தைக் காரணம் காட்டிப் போராட்டத்தை நசுக்கினார்கள்.

அசாமுக்குக் கடற்கரை இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் கடலுக்கு வழி இருந்தது. தேயிலைக்காகப் போட்ட அசாம் – வங்காள ரயில்வே, மலைகளைக் குடைந்து சிட்டகாங் துறைமுகம் வரை போயிற்று. 1947-ல் தேசம் இரண்டாகப் பிளந்தது. சிட்டகாங் அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரே நாளில் அசாம் கடலையும் இழந்தது, இந்தியாவின் மற்றப் பகுதியோடு இருந்த ரயில் தொடர்பையும் இழந்தது. மிஞ்சியது சிலிகுரியில் ஒரு கழுத்து. குறுகிய இடத்தில் 20 கிலோமீட்டர் சொச்சம்தான் அகலம். அந்தக் கழுத்து வழியாக ரயில்வேத் தொழிலாளர்கள் 1948-ல் வேலை தொடங்கி இரண்டே வருஷத்தில் 229 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் இணைப்பைப் போட்டு முடித்தார்கள். 1950 ஜனவரி 26, குடியரசு பிறந்த அதே நாளில், பயணிகள் வண்டி ஓடியது. காடு, மழை, மலேரியா, பாலத்தை அடித்துக்கொண்டு போகும் ஆறுகள். நம் ரயில்வேக்காரர்கள் செய்த காரியங்களில் இது பெரியது என்று நான் எங்கே போனாலும் சொல்வேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1953-ல் நாகர்கட்டியாவில் புதிய எண்ணெய் கிடைத்தது. டிக்பாயைவிடப் பெரிய வயல். எடுப்பதற்கு 1959-ல் ஆயில் இந்தியா கம்பெனி உண்டாயிற்று. முதலில் அதில் மூன்றில் இரண்டு பங்கு பர்மா ஆயில் கம்பெனி வகையறாவுக்கு. அரசாங்கத்துக்கு ஒரு பங்கு. 1961-ல் சரிபாதி ஆயிற்று. 1981-ல்தான் முழுதும் அரசுடைமை. எடுப்பது சரி, எங்கே சுத்திகரிப்பது? அசாமிலா, வெளியிலா? தில்லி சொன்னது: பீகாரில் பரௌனி. அசாம் மக்கள் 1957-லேயே தெருவில் இறங்கினார்கள். சமாதானமாக ஒரு சிறிய ஆலையை குவாஹாட்டியில் நூன்மாத்தியில் கொடுத்தார்கள். ருமேனியா உதவியோடு 1962-ல் திறந்தது. வருஷத்துக்கு ஏழரை லட்சம் டன். பரௌனி ஆலை சோவியத் யூனியன் உதவியோடு வந்து, வளர்ந்து 30 லட்சம் டன் ஆயிற்று. சிறியது எண்ணெய் எடுத்த மண்ணுக்கு, பெரியது வழி முடிகிற இடத்துக்கு!

நாகர்கட்டியாவிலிருந்து பரௌனிக்கு 1,157 கிலோமீட்டர் குழாய் போட்டார்கள். குவாஹாட்டி வரை 16 அங்குலம், அதற்கப்பால் 14 அங்குலம். அசாம் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். சூடு குறைந்தால் வாழைக்காய் வறுத்த டால்டா ஆறினாற்போல் உறைந்துவிடும். ஆகவே துலியாஜானில் அதைச் சூடாக்கி, பக்குவமாக ஆறவிட்டு, பிறகே குழாயில் விடுகிறார்கள். வழி நெடுக பம்ப்பு நிலையங்கள் விடாமல் தள்ள வேண்டும். நின்றால் வம்பு.

தில்லி செய்ததில் நியாயமே இல்லை என்று சொன்னால் நான் கணக்கு எழுதுகிறவன் ஆகமாட்டேன். கச்சா எண்ணெய் ஒரே சரக்கு. ஒரு குழாயில் போய்விடும். சுத்திகரித்தபின் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், தார் என்று பல சரக்கு. அன்றைக்கு வேகனில்தான் போக வேண்டும். டேங்கர் வேகன் போகும்போது நிறைந்து போகும், திரும்பும்போது வெறும் வயிற்றோடு வரும். வாங்குகிற சந்தைக்குப் பக்கத்தில் ஆலை இருந்தால் செலவு குறைவு. எல்லாம் சரி. ஆனால் இந்தக் கணக்கில் வேகன் வாடகை இருக்கிறது, டெமரேஜ் இருக்கிறது. எண்ணெய் எடுத்த ஊரில் எத்தனை பேருக்கு வேலை என்ற பத்தி மட்டும் இல்லை. ஆலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒர்க்‌ஷாப் வரும், ஐ.டி.ஐ. வரும், பக்கத்துத் தொழில்கள் வரும். நாம் பிம்ப்ரியிலும் சிஞ்ச்வட்டிலும் கண்ணால் பார்த்திருக்கிறோமே! மண்ணுக்கு ராயல்டி கொடுத்தோமே என்பார்கள். அந்த ராயல்டியும் நெடுங்காலம் டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று தில்லி குறித்த தொகைதான். 1973-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறியபோது ராயல்டி அதோடு ஏறவில்லை. விலையில் இத்தனை சதவீதம் என்ற முறை பிற்பாடுதான் வந்தது.

எண்ணெயோடு வருகிற வாயுவின் கதை இதைவிட மோசம். எண்ணெய்க்கு வழி போட்டவர்கள் வாயுவுக்கு வழி போடவில்லை. நாம்ரூப் உரத் தொழிற்சாலை கொஞ்சம் வாங்கிக்கொண்டது. மிச்சத்தில் பெரும் பகுதியை வருஷக்கணக்கில் கிணற்றடியிலேயே கொளுத்தினார்கள். ராத்திரியில் வானம் சிவந்திருக்குமாம்; பக்கத்துக் கிராமத்தில் விறகு அடுப்பு! வழியில்லாத சரக்குக்கு விலையில்லை.

இந்த ஆத்திரம் சேர்ந்து சேர்ந்து 1979 டிசம்பர் கடைசியில் வெடித்தது. அசாம் மாணவர்கள் தலைமையில் மக்கள் பம்ப்பு நிலையங்களின் முன் உட்கார்ந்தார்கள். "இரத்தம் தருவோம், எண்ணெய் தரமாட்டோம்" என்பது கோஷம். ஏறக்குறைய ஓராண்டு குழாய் அடைபட்டது. பரௌனி ஆலை பட்டினி கிடந்தது. ஈரான் புரட்சியால் உலகமெங்கும் எண்ணெய் விலை எகிறிக்கொண்டிருந்த சமயம் அது. கடைசியில் ராணுவக் காவலோடு பம்ப்புகளை ஓட்டினார்கள்.

தோழர்களே, இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. குழாய் முன் உட்கார்ந்தவர்களின் கோபம் எண்ணெய்க்காக மட்டும் அல்ல. "அந்நியனே வெளியேறு" என்பதே அந்த இயக்கத்தின் முதல் கோரிக்கை. 1980 ஜனவரி 18-ஆம் தேதி துலியாஜானில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அசாம் இளைஞர்கள் செத்தார்கள். அதே நாள் அதே ஊரில் ஆயில் இந்தியாவில் வேலை பார்த்த வங்காளி அதிகாரி ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்றது. 1983 பிப்ரவரி 18-ல் நெல்லியில் வங்காள முஸ்லிம் குடியானவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெண்டு பிள்ளைகள் உட்பட, ஒரே காலையில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். எண்ணெயைக் கொண்டுபோனவன் தில்லியிலும் லண்டனிலும் இருந்தான். வெட்டுப்பட்டவன் பக்கத்து வயலில் நாற்று நட்டவன். 1960-களின் கடைசியில் பம்பாயில் 'மதராஸி' என்று சொல்லி நம் பெரியவர்களின் கடைகளை உடைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே அசாம் மக்களின் எண்ணெய்க் கோரிக்கை நியாயம் என்று ஒரு வாயால் சொல்லும்போதே, இதையும் அதே வாயால் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை விழுங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

அடைத்ததால் பலன் உண்டா? உண்டு. 1969–70 கிளர்ச்சியால் போங்காய்காவ் ஆலை கிடைத்தது. 1979-ல் ஓடத் தொடங்கியது. 1985 ஆகஸ்டு 15 ஒப்பந்தத்தால் நுமாலிகட் ஆலை. அது முழுசாக ஓட 2000-ம் வருஷம் ஆயிற்று. அந்த ஒப்பந்தத்தின் பேரால் பேசிய வாயு ரசாயன ஆலை 2016-ல்தான் திறந்தது. கையெழுத்துப் போட்டபோது பிறந்த பிள்ளைக்கு முப்பது வயது! அதற்குள் அவன் வேலை தேடிப் புனே வண்டி ஏறியிருப்பான். 2021-ல் நுமாலிகட் ஆலையின் பங்குகள் கை மாறியபோது அசாம் அரசு 26 சதவீதம் வைத்துக்கொண்டது. இதை நான் பெரிய விஷயமாக எண்ணுகிறேன். ராயல்டி வாங்குகிறவன் கைநீட்டி நிற்பான். பங்கு வைத்திருப்பவன் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவான்.

வேடிக்கை ஒன்று கேளுங்கள். அசாமில் நாலு ஆலை ஆனபின் அங்கே எடுக்கிற எண்ணெய் போதவில்லை. பரௌனிக்குக் கொண்டுபோகப் போட்ட அதே குழாயின் கடைசி 600 கிலோமீட்டரைத் திருப்பினார்கள். ஹல்தியா துறைமுகத்தில் இறங்கிய எண்ணெய், ஆந்திரக் கடலில் எடுத்த ரவ்வா எண்ணெய் உட்பட, பரௌனியிலிருந்து போங்காய்காவுக்கு ஏறியது. அசாமின் எண்ணெயை உறிஞ்ச வந்த குழாய் அசாமுக்கு ஊட்டத் தொடங்கியது. ஆலை ஒன்று மண்ணில் நிலைத்துவிட்டால் வழி அதைத் தேடி வரும். இப்போது ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்திலிருந்து நுமாலிகட்டுக்குப் பெரிய குழாய் போடும் திட்டம் வந்திருக்கிறது. ஆலையை 30 லட்சம் டன்னிலிருந்து 90 லட்சம் டன்னாக்குகிறார்கள். நுமாலிகட் டீசல் குழாயில் சிலிகுரி வந்து, 2023 மார்ச்சில் திறந்த 131 கிலோமீட்டர் குழாய் வழியாக வங்காளதேசத்துப் பார்வதிபூருக்குள் போகிறது. 1947-ல் அறுந்த திசையில் ஒரு சிறு நூல் மறுபடி ஓடியிருக்கிறது.

அசாமுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. ஆப்பிரிக்காவில் தெற்கு சூடான் 2011 ஜூலையில் சுதந்திரம் வாங்கியது. எண்ணெய் வயல்களில் முக்கால்வாசி அதற்கு. துறைமுகமும் குழாயும் வடக்குச் சூடானுக்கு. பீப்பாய்க்கு 30 டாலருக்கு மேல் வழிவாடகை கேட்டது வடக்கு. 2012 ஜனவரியில் தெற்கு தன் கிணறுகளைத் தானே மூடியது. ஓராண்டுக்கு மேல் புதிய நாடு பட்டினி கிடந்து, கடைசியில் அந்தக் குழாய்க்கே திரும்பியது. 2024-ல் சூடானில் உள்நாட்டுப் போர் நடந்தபோது பம்ப்புக்கு டீசல் போகாமல், மெழுகு எண்ணெய் குழாயிலேயே உறைந்தது. துலியாஜானில் சூடாக்குகிறார்களே, அதே வகை மெழுகுதான். காஸ்பியன் கரை அஜர்பைஜான் ரஷ்யாவையும் ஈரானையும் சுற்றிக்கொண்டு துருக்கிக்கு 1,768 கிலோமீட்டர் குழாய் போட்டு 2006-ல் கடலைத் தொட்டது. வழியில் நிற்கிற ஒவ்வொருவனும் ஒரு பங்கு கேட்கிறான், ஒருவனிடமே மாட்டிக்கொண்டால் மென்னியைப் பிடிப்பான்.

தங்கச்சிக்கு இப்போது என் பதில். அந்தப் பையன்களின் ஊரில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் எடுப்பதற்கு ஆட்கள் கொஞ்சம் போதும். அதன்மேல் வளர வேண்டிய தொழில்கள் நாற்பது ஐம்பது வருஷம் வேறிடத்தில் வளர்ந்தன. ஆபத்து மட்டும் ஊரிலேயே தங்கியது. 2020 மே மாதம் பாக்ஜானில் வாயுக் கிணறு வெடித்தது. ஜூனில் தீப்பிடித்து, நவம்பர் வரை அணையவில்லை. தீயணைக்கப் போன இரண்டு பேர் செத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முகாமில் கிடந்தார்கள்.

பேச வருமுன் அந்த ஆறு பேரில் ஒரு பையனைப் போய்ப் பார்த்தேன். தின்சுகியா மாவட்டம். குழாயைப் பார்த்திருக்கிறாயா தம்பி என்றேன். குழாய் பூமிக்கடியில் இருக்கிறது, மேலே அடையாளக் கல் மட்டும் உண்டு, அதில் மாட்டைக் கட்டுவோம் என்றான். அவனுக்கு வருகிற மாதம் முதல் ஞாயிறு விடுமுறை. கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் ஹிந்தியில் பேசுவான். நான் தமிழில் சொல்கிறேன். ஒப்பந்தக்காரர் பிடித்துவைத்திருக்கும் இரண்டு மாத ஓவர்டைம் பற்றியும் அவன் பேச வேண்டுமாம். நம்மிலும் அதே ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறவர்கள் மூன்று பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். கூலிச் சீட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள்.