கரையைக் காப்பது யார் கணக்கில்?

(மேல்மலையனூர்த் தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையடியில் நின்று கடலைப்பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் வினவலாம். செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் நம் செஞ்சியாறு, சங்கராபரணி என்னும் பெயருடன் புதுவைக்குத் தெற்கே கடலையடைகின்றது. நம் மலை கரைந்த மணல் அங்கே கரையாகின்றது. எனவே அக்கரையின் அழிவு நமக்கு அயலன்று.

ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலை வடக்கு நோக்கி உந்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் ஒரு பங்கே தெற்கே மீள்கின்றது. 1980களின் இறுதியில், அவ்வாற்றின் கிளை கடலில் கலக்கும் அரியாங்குப்பத்தில், புதுவைத் துறைமுகத்துக்கென அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் தேங்கியது. வடக்கே வரவின்றிக் கரை தேய்ந்தது. தேங்கும் மணலை வடக்கே சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தும் முறையாக நடைபெறவில்லை.

இது முன்னறியாத ஒன்றோ? அன்று! 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் எழுந்தபின் தெற்கே மெரினா மணற்பரப்பு விரிந்தது. வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டது. அப்படிப்பினையை மறந்தனர்.

பின்னர் என் செய்தனர்? நகரின் முன் பாறைகளைக் கொட்டினர். கற்சுவர் தன் பின்னுள்ள சாலையைக் காக்கும், மணலை உண்டாக்காது, அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளும். அவ்வாறே அது எல்லை கடந்து, நம் விழுப்புரம் மாவட்டத்துச் சின்னமுதலியார்சாவடியையும் பொம்மையார்பாளையத்தையும் தாக்கியது. முடிவெடுத்தது ஓர் அரசு. வீடிழந்தவர் மற்றோர் அரசின் மக்கள். கடலுக்கு அவ்வெல்லை தெரியுமோ?

அரசுகள் காக்கும் செலவை ஒரு தட்டிலும், காக்கப்படும் உடைமையின் விலையை மறுதட்டிலும் இடுகின்றன. இங்கிலாந்தில் ஒவ்வொரு கரைப்பகுதிக்கும் காப்பதா, பின்வாங்குவதா, இயற்கைக்கே விடுவதா என வரைந்து முன்னரே வெளியிடுகின்றனர். கணக்கிடுவது தவறன்று, எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதே வினா. நகரச் சாலைக்கு விலையுண்டு. படகேற்றி வலையுலர்த்தும் மணலுக்குப் பட்டாவில்லை, ஆதலின் விலையுமில்லை! அம்மணல் போனால் மீனவன் படகை எங்கே நிறுத்துவான்?

வழி இல்லாமலில்லை. 2018இல் புதுவை நகரையொட்டிக் கடலடியில் எஃகுத் தடுப்பு அமைத்தபின் அங்கு மணல் மீண்டது. நகருக்கு இயன்றது குப்பங்களுக்கு ஏன் இயலாது?

ஆதலின் நாம் கேட்பன மூன்று. தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே சேர்த்திடுக. இரு அரசுகளும் கரையை ஒன்றெனக் கொண்டு திட்டம் வகுத்திடுக. முடிவெடுக்கும் அவையில் மீனவர்க்கு இடம் தருக.

மலையில் வாழும் நாமும் இக்குரலை எழுப்புவோம். வாழ்க தமிழ்!