மலைக்கள்ளனும் பூங்கோதையும்



திரையிற் கண்ட காதலர் இணை ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இரயில்வே அலுவலகத்தில் கோப்பெழுதும் எமக்கு இலக்கியப் புலமை இல்லை. படம் பார்ப்பதற்கு அது வேண்டுவதும் இல்லையன்றோ!

1954-ஆம் ஆண்டு ஸ்ரீராமுலு நாயுடு கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோவில் எடுத்த 'மலைக்கள்ள'னை இங்குள்ள பெரியோர் மறந்திரார். கதை நாமக்கல் கவிஞருடையது, உரையாடல் மு. கருணாநிதி அவர்களுடையது. எம்.ஜி.ஆர். மலையிலே கள்ளன், ஊரிலே அப்துல் ரஹீம் என்னும் வணிகர். பானுமதி அம்மையாரே பூங்கோதை. தீயோரிடமிருந்து மீட்ட அவளைக் கள்ளன் தன் மறைவிடத்தில் வைத்துக் காக்கிறான். ஊரே அஞ்சும் ஒருவன் இருப்பிடத்தில் ஒரு கன்னிப்பெண்! அவன் பெயரோ குலமோ பெற்றோரோ அவளுக்குத் தெரியா. அவள் கண்டது அவனுடைய ஒழுக்கத்தை மட்டுமே. அது கண்டே மனத்தைக் கொடுக்கிறாள்.

1992-இல் வெளிவந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' என்னும் ஆங்கிலப் படத்தை எம் வீட்டுப் பிள்ளைகள் காட்டினர். அதில் வௌவால் வேடத்தில் ஒரு செல்வர், பூனை வேடத்தில் ஒரு மங்கை. இரவிலே பகைவர், பகலிலே காதலர். யாவரும் முகமூடியணிந்து வரும் விருந்திற்கு இவ்விருவர் மட்டும் வெறும் முகத்துடன் வந்து, ஆடுகையில் ஒருவரையொருவர் இன்னாரென அறிந்து திகைக்கின்றனர். அருமையான காட்சி! முடிவில் அவர் தம் முகமூடியைக் கிழித்தெறிந்து மன்றாடியும் அவள் உடன்படவில்லை. இருவருக்குமே மறைக்க ஒன்றிருந்தால் நம்புவது யார்? பூங்கோதைக்கோ முகமூடி இல்லை.

ஆனால் எமக்கொரு மனக்குறை. இறுதியில் கள்ளனே அவளுடைய முறை மாப்பிள்ளை குமாரவீரன் என்று தெரிகிறது. கொட்டகையில் கைதட்டல்! அவன் உறவினனாக இல்லாதிருந்தால் அவள் மனம் பிழையாகிவிடுமோ?

பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்த நாளில் நம் குலம் கோத்திரத்தை இங்கு யார் அறிவார்? நடத்தையைப் பார்த்தே வாடகைக்கு வீடு தந்தனர். நாமோ, நம் பெண் ஒருவனைச் சொன்னால், "எந்த ஊர், என்ன ஆட்கள்?" என்றே முதலிற் கேட்கிறோம். இவ்வாண்டு எம் தமக்கை மகள் ஒரு கன்னடப் பிள்ளையைச் சொன்னாள்; யாமும் அதையே கேட்டோம். பின்னர் அப்பிள்ளையை மூன்று முறை கண்டு பேசினோம். நேர்மையானவர். தமக்கையார் இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறார்.

நாயுடு இதே கதையை 1957-இல் 'பெட்டத கள்ள' என்று கன்னடத்திலும் எடுத்தார். அப்பிள்ளையின் பாட்டியார் அதைப் பார்த்தவராம். வரும் ஞாயிறன்று அவ்வீட்டிற்குச் செல்கிறோம். தமக்கையாரும் வர இசைந்துள்ளார்.