சின்னப் புண்ணும் பெரிய காய்ச்சலும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

உள்ளே வரும்போது கம்போங் ராஜாவைச் சேர்ந்த ஓர் அம்மா என்னை நிறுத்தி, "கால்ல சின்னப் புண்ணுதான், மூணாம் நாளு ஆளே போயிட்டாரு. புண்ணால யாராச்சும் சாவாங்களா டாக்டர்?" என்று கேட்டார். நான் பேச வந்ததே அதற்கான பதில்தான்.

புண் மட்டும் ஆளைக் கொல்வதில்லை. புண் வழியே நுழைந்த கிருமியை எதிர்க்க உடம்பு எடுக்கும் நடவடிக்கை கட்டுமீறிப் போகும்போதுதான் உயிருக்கு ஆபத்து வருகிறது. இதற்குப் பெயர் செப்சிஸ். 'கடுமையான செப்சிஸ்' என்று முன்பு தனியாகப் பிரித்துச் சொல்வோம். 2016இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். உறுப்புகள் பழுதானால்தான் அது செப்சிஸ். ஆகவே எல்லாமே கடுமையானதுதான்.

தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடித்தால் எல்லோரும் வந்து நிற்பார்கள் அல்லவா? கிருமியைக் கண்ட வெள்ளை அணுக்களும் அப்படித்தான் மணி அடிக்கின்றன. சைட்டோகைன்கள் என்ற புரதங்கள்தான் அந்த மணி. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவை அவற்றில் முக்கியமானவை. மணியோசை கேட்டு மற்ற அணுக்கள் ஓடி வரும். புண் சிவந்து வீங்கும், காய்ச்சல் அடிக்கும். அதுவரை நல்லதுதான். கிருமி இரத்தத்தில் பரவினால் எல்லா டிவிஷனிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது. நுண்குழாய்களில் இரத்தம் உறைகிறது. சிறுநீரகமும் நுரையீரலும் மூளையும் பிராணவாயு இல்லாமல் தவிக்கின்றன.

மணியைப் பிடித்து நிறுத்தினால் என்ன? விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். 1985இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பாய்ட்லர் குழுவினர், டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் மருந்தை எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது அவை கிருமி நஞ்சிலிருந்து தப்பின. பெரிய நம்பிக்கை பிறந்தது. மனிதர்களிடம் அது பலிக்கவில்லை. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் எட்டனர்செப்ட் மருந்தின் அளவு கூடக்கூட மரணமும் கூடியது! அதே மருந்து இன்று மூட்டுவாதக்காரர்களுக்கு நன்மை செய்கிறது, அது வேறு கதை. எலிக்கு மருந்து முதலில், நஞ்சு பிறகு. நம் ஆள் மருத்துவமனைக்கு வருவதோ இரண்டு நாள் கழித்து. மணி அடித்து ஓய்ந்திருக்கும், எதிர்ப்புச் சக்தியும் சோர்ந்திருக்கும். கோவிட் காலத்தில் டெக்சாமெதசோனும் இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப்பும் சிலரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் செப்சிஸ் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு மருந்து இன்னும் இல்லை.

நம் பகாங் மாநிலத்துக்கு வருவோம். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமி மெலியோடோசிஸ் என்ற நோயைத் தருகிறது. 1911இல் ரங்கூனில் இதைக் கண்டவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும். இரண்டாவது பெயரை நம்மவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 2010இல் மாரான் அருகே லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே இந்த நோய் பரவியது. 10 பேருக்கு உறுதியானது, பெரும்பாலோர் இறந்தார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் இது அதிகம் தாக்குகிறது. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். இந்தக் கிருமி சாதாரண மாத்திரைக்கு மசியாது. தாய்லாந்தில் செஃப்டாசிடிம் ஊசி போட்டபோது மரணம் பாதியாகக் குறைந்ததை 1989இல் காட்டினார்கள்.

எனவே நம் கையில் உள்ளது நேரம். இரத்த அழுத்தம் இறங்கிய பிறகு, சரியான ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரம் தாமதித்தால் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 விழுக்காடு குறைகிறது என்று டாக்டர் ஆனந்த் குமார் குழுவினர் 2006இல் எழுதினார்கள். பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் சாலை அடைத்துக்கொண்டால் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். நாள் சம்பளம் போய்விடுமே என்று பெனடோல் விழுங்கிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகாதீர்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது, பேச்சு தடுமாறுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் கிளம்புங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் இருக்கலாம். தாத்தா திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால் அதுவும் அறிகுறிதான்.

போனதும் வரிசையில் பேசாமல் உட்காராதீர்கள். முகப்பிலேயே சொல்லுங்கள்: எனக்குக் 'கென்சிங் மானிஸ்' இருக்கிறது, காலில் புண், நேற்றிலிருந்து குளிர்காய்ச்சல், மண்ணில் வேலை செய்கிறேன்.