சர்க்கார் அச்சகத்தில் நம் பிள்ளைகளுக்கு இடமுண்டா?

(திருவண்ணாமலையில் ஆற்றிய உரை)



சர்க்கார் அச்சகத்தில் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சென்னை சர்க்கார் அச்சகம் 1831-ல் ஏற்பட்டது. கம்பாசிட்டர், மெஷின்மேன், பைண்டர் என்று கைத்தொழில் தெரிந்தவனுக்கு மாதச் சம்பளம் தந்த இடம். இன்று ஈய எழுத்துப் போய் ஆப்செட் வந்துவிட்டது. தொழில் தெரியாமல் உள்ளே நுழைய முடியாது. பத்தாவது தேறிய பிள்ளை, ஆணோ பெண்ணோ, சென்னை தரமணியில் உள்ள அச்சுத் தொழில்நுட்பப் பயிலகத்தில் மூன்று வருஷம் படிக்கலாம்.

படித்து வந்தால் இடம் இருக்க வேண்டுமே! மத்திய சர்க்காருக்கு 17 அச்சகங்கள் இருந்தன. 2017 செப்டம்பரில் அவற்றை ஐந்தாகச் சுருக்க மந்திரிசபை முடிவு செய்தது. டில்லியில் மூன்று, நாசிக்கில் ஒன்று, கல்கத்தாவில் ஒன்று. நம் கோவை அச்சகத்தை நாசிக்கோடு சேர்த்தார்கள். உபரி நிலமென்று 468 ஏக்கர் நகர அபிவிருத்தி இலாகாவுக்கு. ஏக்கர் என்றால் என்னவென்று கூலிக்காரத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்குறைப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். இருக்கட்டும். ஓய்வு பெறுகிறவரின் இடத்துக்கு அடுத்து யார்? கோவையில் அந்த இடமே இல்லையே! மில் வாசலில் பதிலியாகக் காத்து நின்ற தோழர்களுக்கு இந்தச் சூட்சுமம் புரியும். ஆளை நீக்க வேண்டியதில்லை, இடத்தை நீக்கினால் போதும். ஆகவே பிள்ளைக்குத் தொழிலைக் கற்றுக் கொடுங்கள். காலியிடங்களை நிரப்பு என்று சங்கத்தின் மூலம் இப்போதே கேளுங்கள்.