ரசம் வைத்தவர் பெயர் என்ன?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நான் மெக்கானிக்கல் படித்தவன். பம்பு, வால்வு என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் பந்திக்கு எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே சாப்பாட்டைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

கம்பெனி வேலையாக இரண்டு வருடம் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் இருந்தேன். ஒருநாள் அலுவலகத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவரச் சொன்னார்கள். நான் நம்ம மெஸ் மிளகு ரசத்தை வைத்துக் கொண்டுபோனேன். பாத்திரம் காலி. "யார் செய்முறை?" என்று கேட்டார்கள். "என்னுடையதுதான்" என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்.

உடன் வேலை பார்த்த கறுப்பின நண்பர் ஒருவர் மட்டும் விடவில்லை. "உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். "விடுதிச் சமையல்காரர்." "அவர் பெயர்?" எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. "எங்கள் கதையும் இதுதான்" என்று ஆரம்பித்தார்.

ஜெபர்சன் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி. அவருக்கு அடிமையாக இருந்தவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். 1784-ல் அவரைப் பாரிசுக்கு அழைத்துப்போய் பிரெஞ்சுச் சமையல் கற்க வைத்தார் ஜெபர்சன். விடுதலை கேட்டபோது, "உன் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போ" என்று நிபந்தனை. தன் தம்பிக்கே கற்றுக்கொடுத்து, 1796-ல்தான் விடுதலை பெற்றார். ஆனால் அமெரிக்காவுக்கு நல்ல சாப்பாட்டைக் கொண்டுவந்தவர் என்று ஊர் புகழ்ந்தது ஜெபர்சனைத்தான்.

வாஷிங்டனின் சமையல்காரர் ஹெர்குலிஸ் அதுவரை காத்திருக்கவில்லை. 1797 பிப்ரவரி 22 அன்று, எஜமானரின் பிறந்தநாளிலேயே தப்பிப் போய்விட்டார்! அடிமையாகப் பிறந்த அபி ஃபிஷர் என்ற அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதி, 1881-ல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் பெயரிலேயே புத்தகம் வந்தது. அப்படிப் பெயர் நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். தென்மாநிலங்களில் 'கம்போ' என்று ஒரு குழம்பு உண்டு. அந்தச் சொல்லே ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காயின் பெயரிலிருந்து வந்தது. வெண்டைக்காயின் பெயர் நின்றது. குழம்பு வைத்தவர் பெயர் நிற்கவில்லை.

இதைக் கேட்டபிறகு நம்ம ஊர்ப் பக்கம் பார்த்தேன். இங்கேயும் அதே கதை இருந்தது. அடிமைத்தனம் வேறு, கூலி வேலை வேறு. இரண்டையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. பெயர் மறைந்துபோன விதம் மட்டும் ஒன்றுதான்.

வெள்ளைக்காரர் சாப்பாட்டை சூப்பில் ஆரம்பிப்பவர். சென்னையில் அவர் வீட்டில் சமைத்த தமிழ் ஆட்கள் நம்ம மிளகுத்தண்ணியில் கறிச்சாறு சேர்த்து, கெட்டியாக்கி, சூப்பாக வைத்தார்கள். அதுதான் 'முல்லிகடானி'. 1784-லேயே ஹைதர் அலியிடம் கைதியாக இருந்த ஓர் ஆங்கிலேயர் பாட்டில் அந்தச் சொல் வந்துவிட்டது. பிறகு இங்கிலாந்தில் டப்பாவில் அடைத்தே விற்றார்கள்.

1878-ல் கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் சென்னை வெள்ளைக்காரர்களுக்காக ஒரு சமையல் புத்தகம் போட்டார். கெட்ட மனுஷர் இல்லை. சமையற்கட்டுகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று எஜமானர்களைக் கண்டித்து எழுதியவர் அவர். ஆனால் புத்தகத்தில் சமையல்காரர் யாராக இருந்தாலும் ஒரே பெயர்தான்: 'ராமசாமி'. அவர் 1894-ல் லண்டனில் சமையற்பள்ளியே தொடங்கினார். அடுப்படியில் நின்ற ராமசாமிகள் எத்தனை பேர், எந்த ஊர், ஒன்றும் தெரியாது.

நண்பர்களே, என் ஊர் தேவாரம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலையேறும் பெண்களில் என் அம்மாவும் ஒருவர். ஏலத்தோட்டத்தில் குனிந்து, செடியின் தூரில் கிடக்கும் சரத்திலே, முற்றியும் பழுக்காமலும் இருக்கிற காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்கணும். "எப்படிம்மா தெரியும்?" என்று ஒருதடவை கேட்டேன். "கை வச்சா தெரியும்டா, அதை எப்படிச் சொல்றது?" என்றார். அந்தக் காய் போடிநாயக்கனூர் ஏலத்துக்கு வரும்போது எடை இருக்கும், விலை இருக்கும். எடுத்த கையின் பெயர் இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளை நான். நானே இன்னொருவர் கைப்பக்குவத்தை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நம்ம மெஸ்ஸில் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டோம். பரீட்சை சமயத்தில் காய்ச்சலில் படுத்தால் அறைக்கே ரசம் கொண்டுவருவார். மிளகும் சீரகமும் தோலோடு பூண்டும் உரலில் ஒன்றிரண்டாக நசுக்கணும், நுரை கட்டியதும் இறக்கிவிடணும், "கொதிச்சா கெட்டுச்சு தம்பி" என்பார். நாலு வருஷம் அவர் கையால் சாப்பிட்டேன். ஒருநாளும் பெயர் கேட்கவில்லை. ஊருக்கு வந்ததும் விசாரித்தேன். மாஸ்டர் காலமாகிவிட்டார் என்றார்கள். அவருடைய ஊரோ பெயரோ சொல்ல ஆளில்லை.

இந்த மலரில் நம் எல்லோருடைய பெயரும் முகவரியும் அச்சாகிறது. சந்தோஷம். இரண்டு வேண்டுகோள். மாஸ்டரின் பெயர் தெரிந்தவர்கள் இன்றே செயலாளரிடம் சொல்லுங்கள். அடுத்த மலரில், இப்போது விடுதியில் சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள் எல்லோர் பெயரையும் அவர்கள் சம்மதத்தோடு ஒரு பக்கத்தில் போடுங்கள். அந்தப் பக்கத்தின் செலவு என்னுடையது.

இதோ, பந்தி தயார் என்று கை காட்டுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் அடுப்படிப் பக்கம் ஒருதடவை போங்கள். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லுங்கள். அப்படியே, "உங்க பேரு என்னங்க?" என்றும் கேளுங்கள்.