தீவகமும் வீடியோக் கமெராவும்



நெடுந்தீவிலே வேலிகள் கல்லால் ஆனவை. பவளக் கற்களைச் சாந்து எதுவுமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பியவை. எந்தக் கல்லை எதன்மேல் வைத்தால் சோழகக் காற்றுக்கும் சரியாது நிற்கும் என்பதை நன்கறிந்தோர் வயது சென்றவர்கள். அவர்கள் கல்லைத் திருப்பிப் பார்த்து இடம் தேர்ந்து வைக்கும் விதத்தை எழுத்தில் வடிப்பது கடினம். அசையும் படமாகப் பிடித்து வைக்கலாம். இதற்காகவே எங்கள் தீவகப் பள்ளிக்கூடங்களுக்கும் வீடுகளுக்கும் ஒரு சிறிய வீடியோக் கமெரா வேண்டும் என்கிறேன். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் பணம் அனுப்பச் சித்தமாயிருக்கிறார்கள். "எந்தக் கமெராவை வாங்கலாம், ஐயா?" என்று கேட்கிறார்கள்.

அதற்கு முன்னர் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. பிடித்த படத்தை எந்தக் கணினியில் வெட்டி ஒட்டித் தொகுக்கப் போகிறோம்? கடைக்காரர் இதனைக் கேட்பதில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். கமெரா ஒவ்வொரு சட்டகத்தையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. கல்வேலியைப் படம் பிடிக்கும்போது வேலி அசையாது நிற்கிறது. கை மாத்திரம் அசைகிறது. ஆகவே முதலில் முழுப் படத்தையும், பின்னர் மாறிய பகுதிகளையுமே பதிந்துகொள்கிறது. கணினி அந்தத் துண்டுகளைக் கொண்டு ஒவ்வொரு படத்தையும் மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும். 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 என்னும் சுருக்கு முறையை ஓரளவு பழைய கணினியும் கையாளும். 2013இல் வந்த எச்.265 ஏறக்குறைய அரைவாசி இடத்திலேயே அதே தரத்தைத் தரும். ஆனால் கணினிக்கு வேலை அதிகம். பள்ளிக்கூடத்துப் பழைய கணினியில் அப்படம் தடக்கித் தடக்கி ஓடும். எனவே எச்.264இல் பதியக்கூடிய கமெராதானா என்பதை வாங்குமுன் கேட்டறியுங்கள்.

'நான்கு கே' என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்கவும் வேண்டாம். விநாடிக்கு 100 மெகாபிற் வேகத்தில் அதனைப் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 கிகாபைற் இடம் செல்லும். 1920க்கு 1080 என்ற அளவில் 24 மெகாபிற் வேகத்தில் பதிந்தால் 11 கிகாபைற் போதும். கூட்டத்தில் திரையிடுவதற்கு இரண்டாவதே தாராளம்.

தொகுப்பு மென்பொருளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. முன்பு பலர் பழகியிருந்த விண்டோஸ் மூவி மேக்கருக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2017 சனவரியில் நிறுத்திவிட்டது. இன்று சொட்கட், கேடென்லைவ் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. சொட்கட்டைச் செய்தோர், மேற்சொன்ன 1080 அளவுக்கு 8 கிகாபைற் நினைவகம் வேண்டும் என்கின்றனர். டாவின்சி ரிசொல்விலும் இலவசப் பதிப்பு உண்டு. அது மிகச் சிறந்ததே, ஆயினும் வலிய கணினியைக் கேட்கும். கணினி திணறினால், பெரிய படத்துக்குப் பதிலாகச் சிறிய பிரதியொன்றை வைத்துத் தொகுத்து, முடிவில் மூலப் படத்தோடு இணைக்கும் வசதி இவற்றில் இருக்கிறது. ஆசிரியர்கள் இதனைக் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும்.

கனடாவிலிருந்து அன்பளிப்பாக வரும் கமெராவில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று, இங்கே 50. அங்குள்ள கமெரா விநாடிக்கு 30 அல்லது 60 சட்டகம் பதியும். நயினாதீவு நாகபூசணி அம்மன் உற்சவத்தை இரவில் குழல் விளக்கொளியில் அதனாற் பிடித்தால், படத்தில் வெளிச்சம் மினுங்கக் கூடும். சில கமெராக்களில் 50க்கு மாற்றலாம், சிலவற்றில் இயலாது. ஷட்டர் வேகத்தை நூறில் ஒரு விநாடி என நிறுத்தினால் மினுக்கம் பெரும்பாலும் அடங்கும். அனுப்புமுன் இதனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

இனி ஒலி. படத்தைப் பற்றிக் கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதனை மறந்துவிடுகிறார்கள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு வள்ளத்திற் செல்லும்போது எஞ்சின் இரைச்சலையும் காற்றையும் மீறிப் பேச்சைப் பதிவது இலேசான காரியமன்று. கரையிலும் காற்று ஓய்வதில்லை. கமெராவிலுள்ள மைக் அந்த உறுமலையே பெரிதாகப் பிடிக்கும். அதனைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முற்றாக நீக்க முடியாது. நீக்க முயன்றால் கிழவரின் குரலும் சேர்ந்து தேயும். ஆகையால் வெளி மைக் பொருத்தும் துளை இல்லாத கமெராவை, விலை எவ்வளவு மலிவாயினும், நான் வாங்கச் சொல்லமாட்டேன். சட்டையிற் குத்தும் சிறிய மைக்கும் அதற்கொரு பஞ்சு உறையும் போதும்.

நெடுந்தீவின் கட்டைக்குதிரைகள் அருகிற் சென்றால் விலகி ஓடிவிடும். அவற்றுக்கு வில்லையினாலே அண்மைப்படுத்தும் ஆற்றல் வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'டிஜிட்டல் சூம்' என்னும் பெரிய எண் படத்தை வெறுமனே ஊதிப் பெருப்பிப்பது. அதனைப் பொருட்படுத்த வேண்டாம்.

கைத்தொலைபேசி போதாதா என்பீர்கள். பல வேலைகளுக்குப் போதும். ஆனால் தொலைபேசிகள் பல, ஒளிக்கேற்பச் சட்டக வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிகின்றன. தொகுக்கும்போது உதடு ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் போய்விடக் கூடும். முதலில் மாறாத வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுத்தால் இவ்வில்லங்கம் தீரும்.

1995இல் அறிமுகமான மினி டீவி நாடாக்கள் பல வீடுகளின் அலுமாரிகளிற் கிடக்கின்றன. திருமணங்களும் இன்று இல்லாதவர்களின் முகங்களும் அவற்றில் உள்ளன. ஆயின் ஓட்டும் கமெரா பழுதாகிவிட்டது. இணைக்கும் பயர்வயர் துளையும் புதிய கணினிகளில் இல்லை. உப்புக் காற்றும் ஈரமும் நாடாவைப் பூஞ்சணம் பிடிக்கச் செய்கின்றன. ஓட்டும் கருவி எங்கேனும் கிடைக்கும்பொழுதே கணினிக்கு மாற்றிவிட வேண்டும்.

புதிய பதிவுகளையும் ஒரே வன்றட்டில் வைத்திராதீர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சேர்ந்தே அழிந்தன. ஒரு பிரதி பள்ளிக்கூடத்திலும், ஒன்று தீவுக்கு வெளியே உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். மூன்றாவதை, 2005 முதல் நம்மவர் ஆவணங்களை எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் கையளிக்கலாமா என்று விசாரிக்கலாம். பேசியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதனையும் படத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.