சான்றிதழோடு முடிவதில்லை கல்வி

(வெள்ளி விழாவின்போது சூலக்கரையில் ஆற்றிய உரை)



தொடர்கல்வி என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். அதற்கு நமக்குள்ள தகுதி யாது என எண்ணிப் பார்த்தோம். தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்து நாம் செய்த பிழை ஒன்றுதான் அத்தகுதி. அதனை மறைக்காமல் கூறித் தொடங்குகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம்மிடம் பயின்ற பெண்மணி ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன. மூன்று பிள்ளைகளின் தாய். பட்டாசுத் தொழிற்சாலையில் கூலிவேலை செய்து வந்தவர். கணவர் தம் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தார். இரத்தப் பிரிவும் பொருந்திற்று. பின்னர் ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் ஒன்று வந்தது. அதில் 'கிராஸ்மேட்ச் பாசிட்டிவ்' என்றிருந்தது. மருத்துவரைக் காணுமுன்னரே அதனை நம்மிடம் கொணர்ந்து, "சார், என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்கள். பி.ஏ., பி.எட். படித்த நாம், "பாசிட்டிவ் என்றால் சாதகம், கவலை வேண்டாம்" என்றோம். அந்தத் தாய் கண்ணீர் மல்கக் கைகூப்பினார். மறுநாள் மருத்துவர் கூறியது வேறு. இச்சோதனையில் பாசிட்டிவ் என வந்தால் அந்தச் சிறுநீரகத்தைப் பொருத்தலாகாது என்றார்.

ஓர் இரவுக்கு நாம் அளித்த பொய்யான மகிழ்ச்சி இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது. அதன் பின்னர், ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவரிடம் மாணவராய் நின்று கேட்டோம். நூல்களையும் தேடிப் படித்தோம். கற்றதைக் கூறுகின்றோம்.

நம் உயிரணுக்களின் மேல் ஹெச்.எல்.ஏ. எனப்படும் அடையாளங்கள் உள்ளன. தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து மறுபாதியும் பெறுகின்றோம். ஆகவே உடன்பிறந்தார் இருவருக்கு அவை முழுதும் ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அயலான அடையாளத்தை முன்பே சந்தித்த உடல், அதனை எதிர்க்கும் பொருளை இரத்தத்தில் உண்டாக்கி வைத்திருக்கக்கூடும். பிறர் இரத்தம் ஏற்றியதாலும், முன்பு ஒருமுறை உறுப்பு பொருத்தியதாலும், கருவுற்றதாலும் இது நேரலாம். மேற்கூறிய தாய்க்கு நிகழ்ந்தது இதுவே. மூன்று பிள்ளைகளைச் சுமந்த காலத்தில், கணவரின் அடையாளங்கள் அப்பிள்ளைகள் வழியாக அவருடைய உடலுக்கு அறிமுகமாகி, எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தது.

அதனைக் கண்டறிவதே கிராஸ்மேட்ச் சோதனை. கொடுப்பவரின் வெள்ளையணுக்களோடு பெறுபவரின் சீரத்தைக் கலப்பர். முயலின் சீரத்திலிருந்து பெறும் துணைப்பொருளையும் சேர்ப்பர். எதிர்ப்பொருள் இருப்பின் அணுக்கள் மடியும். மடிந்தவை சாயத்தை ஏற்கும். நுண்ணோக்கியில் கண்டு கணக்கிடுவர். அணுக்கள் மடிந்தன என்பதே பாசிட்டிவ் என்பதன் பொருள். 1969இல் படேல், டெராசாகி என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதன் கடுமையை உணர்த்தும். சோதனை பாசிட்டிவாக இருந்தும் பொருத்தப்பட்ட 30 சிறுநீரகங்களில் 24 உடனே செயலிழந்தன. நெகட்டிவாக இருந்த 195இல் அவ்வாறு போனவை 8 மட்டுமே.

டெராசாகி யார் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அவர் அமெரிக்காவில் 1929இல் பிறந்த ஜப்பானிய வழியினர். 1942இல், பிறந்த இனம் ஒன்றையே குற்றமாகக் கொண்டு, அவர் குடும்பத்தை அரிசோனா பாலைநிலத்து முகாம் ஒன்றில் அடைத்தது அந்நாட்டு அரசு. முள்வேலிக்குள் வளர்ந்த அச்சிறுவர்தாம் பின்னாளில் ஆய்வாளராகி, ஒரு துளியினும் மிகச் சிறிய அளவுச் சீரத்தைக் கொண்டு இச்சோதனையைச் செய்யும் முறையை 1964இல் அளித்தார். பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்டவரின் கைவண்ணம், ஒதுக்கியவர் உயிரையும் காத்தது.

அதே 1964இல் வட கரோலினாவின் டர்ஹம் நகரில் இத்துறையின் வல்லுநர்கள் முதன்முறையாகக் கூடினர். ஒரே மனிதர்களின் இரத்தத்தைத் தத்தம் முறைப்படி சோதித்தனர். விடைகள் ஒத்துவரவில்லை! அறிஞர்களாயிற்றே என்று அவர்கள் நாணி ஒதுங்கவில்லை. 1965இல் லைடனிலும் 1967இல் டூரினிலும் மீண்டும் கூடி, ஒருவர் முறையை மற்றவர் கற்றனர். இன்றும் இத்துறையில் அவ்வழக்கம் உண்டு. ஒரே மாதிரியைப் பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, விடைகளை ஒப்புநோக்குவர். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் அத்தேர்வை எழுதியே ஆக வேண்டும்.

ஏன் இந்த ஓயாத படிப்பு? 1958இல் பிரான்சு நாட்டு அறிஞர் ழான் தோசே இவ்வடையாளங்களில் முதலாவதைக் கண்டார். 1980இல் நோபெல் பரிசும் பெற்றார். இன்று அறியப்பட்ட மரபணு வேறுபாடுகளோ 40,000க்கும் மேல். நுண்ணோக்கியோடு நின்றிருந்த சோதனை, மரபணுவை நேரே படிக்கும் கருவிகள்வரை வந்துவிட்டது. பட்டம் பெற்ற ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர் இன்றைய தாளைப் படிக்கவே இயலாது.

நம் வட்டாரத்தாருக்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மருந்து கலக்கும் அறையில் நிற்பவர், "இருபது ஆண்டுகளாகக் கலக்கிறேன், எனக்கெதற்குப் பயிற்சி?" என்று கேட்டால், பக்கத்து அறையில் இருப்பவர் நிம்மதியாக வேலை செய்வாரா? ஆய்வுக்கூடத்தில் பிழை நேர்ந்தால் ஓசை கேட்காது. ஆனால் அறுவை மேசையில் ஓர் உயிர் அணையும்.

இளைஞர்களே, இது நமக்கு எட்டாத துறையன்று. 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று வெற்றியோடு நிகழ்ந்தது. இன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் நிகழ்கின்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் தென்னாட்டு மக்களின் ஹெச்.எல்.ஏ. அடையாளங்களை நெடுங்காலம் ஆராய்ந்தனர். நம் மாவட்டத்திற்கும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றோர் மருத்துவ ஆய்வக நுட்பத்தில் பட்டயமோ பட்டமோ பெறலாம். அதன்பின் இத்தகைய ஆய்வுக்கூடத்தில் மூத்தோர் அருகிருந்து பழகினால்தான் இக்கலை கைவரும். மருத்துவராக இடம் கிடைக்கவில்லையே என்று வீட்டில் முடங்கும் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துக் கூறுங்கள்.

அண்ணல் அம்பேத்கரை நினையுங்கள். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பை இடையில் விட்டுத் திரும்பினார். பம்பாயில் பேராசிரியர் பணி கிடைத்த பின்னும், விட்ட படிப்பை மறந்தாரில்லை. 1920இல் மீண்டும் கப்பலேறி, 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். வேலை கிடைத்ததைக் கல்வியின் முடிவாக அவர் கொள்ளவில்லை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் உதவித்தொகை கல்லூரியில் சேரும் பிள்ளைகளோடு நின்றுவிடுகின்றது. வேலையில் அமர்ந்த நம் பிள்ளை, மேற்பயிற்சிக்குச் சென்னைக்கோ வேலூருக்கோ செல்ல நேர்ந்தால், ஊதியமில்லா விடுப்பும் வழிச்செலவும் அவரைத் தடுக்கின்றன. அவர்களுக்கென இவ்வெள்ளி விழாவில் ஒரு நிதி தொடங்குங்கள். நம் ஒரு மாத ஊதியத்தை அதற்கு இம்மேடையிலேயே அளிக்கின்றோம்.

அந்தத் தாயைப் பற்றிக் கேட்பீர்கள். பின்னர் அவருடைய அண்ணனின் இரத்தம் சோதிக்கப்பட்டது. தாள் மீண்டும் நம் கைக்கு வந்தது. 'நெகட்டிவ்' என்றிருந்தது. இம்முறை நாம் விளக்கம் கூறவில்லை. ஆய்வுக்கூட இளைஞரையே அழைத்துக் கேட்கச் செய்தோம். "பொருந்துகிறது அம்மா" என்றார் அவர். இன்று அந்தத் தாய் தம் பிள்ளைகளோடு இருக்கின்றார்.

அந்த இளைஞரின் இடத்தில் நாளை நம் பிள்ளைகள் அமர்தல் வேண்டும். அமர்ந்த பின்னும் படித்தல் வேண்டும்.